கேட்காத செடிக்கு ஊற்றிய தண்ணீர்

ஒரு புற்றரை பச்சையாக இருப்பதற்காக எத்தனை பேர் தாகத்தோடு நிற்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். புல்லில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு சமோசா தின்னுகிறவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. அம்பலவாணனுக்கு வந்தது. அது வந்த இடம், வளைகுடா நகரம் ஒன்றின் நடுவே இருந்த ஒரு சுற்றுவட்டம்.

இளவயதில் அவர் அங்கே ஒரு தோட்டக் கம்பனியில் கூலியாக இருந்தார். சுற்றிவரப் பாலைவனம், நடுவில் இங்கிலாந்துப் புல்லும் பெட்டூனியாப் பூவும். யாரோ ஒரு பெரிய மனிதரின் ஆசை அது. புல்லுக்கு விடியவிடியத் தண்ணீர் பீச்சியடித்தது. ஆட்களுக்கோ, வெயிலில் நின்ற பிளாஸ்டிக் தாங்கியிலிருந்து தேத்தண்ணி போடுகிற சூட்டில் தண்ணீர், அதுவும் மேற்பார்வையாளன் திறந்துவிட்டால்தான். புல் காய்ந்தால் சம்பளத்தில் வெட்டு. ஆள் காய்ந்தால் வேறு ஆள்.

அந்தச் சுற்றுவட்டத்துக்கு அப்பால், யாரும் நடாத, யாரும் ஊற்றாத ஒரு மரம் நின்றது. அந்த ஊர்க்காரர் அதைக் காஃப் என்பார்கள். நம்முடைய கோயில்களில் வன்னி என்று சுற்றிக் கும்பிடுகிறோமே, அதே மரம்தான். இங்கே பக்தர் நூல் கட்டுகிறார், அங்கே ஒட்டகம் தின்னுகிறது. மரம் இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை. அதன் நிழலில் சோற்றுப் பொதியை அவிழ்த்தபோதுதான் அம்பலவாணன் ஒரு முடிவுக்கு வந்தார்: மண்ணுக்குரிய செடியை நட்டால் யாருடைய வாளிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

வாளிக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவருடைய தாய் குடத்தோடு மற்றவர்களுடைய கிணற்றுக்குத் தள்ளி நின்றவள். சாதிமான்கள் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். கயிற்றைத் தொட்டால் கிணறு செத்துவிடுமாம். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையாரும் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கொழுக்கட்டை தின்றார்.

2006ஆம் ஆண்டு அம்பலவாணன் லண்டன் கோலியர்ஸ் வுட்டில், ஹோம்ஃபீல்ட் என்ற வீடமைப்புச் சங்கத்தின் மூன்று மாடிக் கட்டடத்தில், மனைவி புனிதாவோடு குடியிருந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை. அந்த வருடம் மழை ஏமாற்றியதால், வீட்டுத் தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கத் தடை வந்தது. கட்டடத்தின் முன்னாலிருந்த புல் கூட்டுகிற தும்புத்தடியின் பழுப்பு நிறத்துக்குப் போனது. சங்கம் மகிழ்ச்சியோடு ஒரு திட்டம் சொன்னது: புல்லைக் கிளறி எறிந்துவிட்டுத் தார் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாம்.

குடியிருப்பாளர் கூட்டத்தில் அம்பலவாணன் எழுந்தார். அவருடைய ஆங்கிலம் பெற்றோல் நிலையத்தில் படித்தது. அதில் மரியாதைச் சொற்கள் குறைவு. கார் தண்ணீர் குடிக்காதுதான், ஆனால் மழை வந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும், உன்னுடைய வீட்டுக்கா என்று சங்கத்து அதிகாரி கிளேரைக் கேட்டார். குழாய்த் தண்ணீர் இல்லாமலே ஒரு தோட்டம் வளர்த்துக் காட்டுகிறேன் என்றார். கிளேர் சிரித்தாள். செப்டெம்பரில் வந்து பார்ப்பாள், உயிரோடிருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் தார். அப்படித்தான் பேச்சு முடிந்தது.

அவர் புல்லைக் கொத்தி எடுத்து, மண்ணில் மணலைக் கலந்து, மேலே கூழாங்கல் பரப்பினார். இங்கிலாந்தின் கடற்கரைக் கற்களுக்கிடையில் தானாக முளைக்கிற செடிகளையே தேடி வாங்கி வந்தார்: தடித்த சாம்பல் இலையுள்ள, முட்டைக்கோசின் உறவான கடற்கோவா, தேனீக்கு உயிரான ஒரு நீலப் பூச்செடி, நிலத்தோடு படரும் காட்டுத் தைம். வேர் பிடிக்கும்வரை, குளித்த தண்ணீரைச் சுமந்து வந்து ஊற்றினார். பிறகு நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதுதான் பிழையாகப் போனது.

யூலை வெயிலில் கடற்கோவா ஒவ்வொன்றாகச் சரிந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகி, நாறியது. தண்ணீர் ஊற்றாத செடி எப்படி அழுகும்? போதாக்குறைக்கு நரிகள் வந்து கல்லைக் கிளறித் தோண்டத் தொடங்கின. கீழ்வீட்டு சபாரத்தினம் அண்ணை கண்ணூறு என்றார். ஒரு பூசணிக்காய் வெட்டினால் சரியாம்.

"நரிக்கு ஆரண்ணை கண்ணூறு படுத்தினது?" என்று அம்பலவாணன் கேட்டார். "ஒரு மாதமாச் சாப்பாடு தேடி இஞ்சைதான் வருது. அதுக்கென்னவோ நல்ல காலந்தான்."

யாரோ ஊற்றுகிறார்கள் என்ற சந்தேகத்தில், ஒருநாள் இரவுவேலை முடிந்து காலையில் வந்தவர், வீட்டுக்குள் போகாமல் படிக்கட்டின் பக்கத்தில் நின்றார். முதலில் இறங்கி வந்தவர் மேல்மாடி மனோரமா அக்கா. கையில் பெரிய சட்டி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கடற்கோவாவின் தலையில் கவிழ்த்தார்.

"அக்கா! என்ன ஊத்துறியள்?"

மனோரமா திடுக்கிட்டாலும் சட்டியை மறைக்கவில்லை. "மீன் கழுவின தண்ணி, தம்பி. விளைமீன். கண்ட மீனெண்டு நினையாதையும்."

"எத்தினை நாளா?"

"நீர் ஊத்தாமல் விட்டதிலை இருந்து. வாயில்லாச் சீவன், கல்லுக்குள்ளை கிடந்து சாகுது. பாத்துக்கொண்டிருக்க ஏலுமே?"

அவர் பதில் சொல்லுமுன் சபாரத்தினம் அண்ணை அரிசி கழுவிய தண்ணீரோடு வந்தார். இரண்டு பேரையும் கண்டதும், கழிவுநீர்க் குழிக்குத்தான் வந்தவர்போலத் திரும்பினார்.

"நில்லுங்கோ அண்ணை, வெக்கப்படாதேங்கோ. வரிசையிலை வாங்கோ."

வரிசையில் மூன்றாவதாக வந்தது புனிதா. பருப்பு ஊறவைத்த தண்ணீர்.

"நீயுமோ?"

"நீங்கள் இரக்கமில்லாத மனிசன்," என்றாள் புனிதா. "நான் ஒரு நாளைக்கு ஒரு கோப்பைதான் ஊத்தினனான். மற்றவை இப்பிடி ஊத்துகினம் எண்டு எனக்குத் தெரியுமே?"

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், எல்லோரும் ஊற்றியிருக்கிறார்கள். வறண்ட கல்லில் பட்டினி கிடந்து வாழப் பழகிய செடிக்கு அரிசிக் கஞ்சியும் மீன் சாறும். வேர் அழுகாமல் என்ன செய்யும்? மீன் மணத்துக்கு நரி வராமல் யார் வருவார்கள்?

அம்பலவாணன் விளக்கினார். இந்தச் செடி தண்ணீர் கேட்காது, அதனுடைய தடித்த இலையே தண்ணீர்த் தாங்கி, ஊற்றினால் சாகும் என்று சொன்னார். மனோரமா தலையை ஆட்டினார், ஆனால் முகம் நம்பவில்லை.

"அதெப்பிடித் தம்பி கேக்காமல் இருக்கும்? செடியெண்டால் தண்ணி கேக்குந்தானே. நாங்கள் தாகத்திலை நிக்கிறதுக்குத் தண்ணி இல்லையெண்டு சொல்லிப் பழகின ஆக்களில்லை."

அதுதான் அவரைச் சுட்டது. மனோரமா எந்த ஊர், எந்தக் குடும்பம், யாருடைய வளவில் எத்தனை கிணறு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவ்வளவு காலமும் வாயைத் திறக்கவில்லை.

"இல்லையெண்டு சொல்லிப் பழகேல்லையோ? எங்கட அம்மா உங்கட ஊர்க் கிணத்தடியிலை குடத்தோடை நிண்டவ, அக்கா. மத்தியானம்வரைக்கும் நிண்டவ. அவவும் கேக்கேல்லைத்தான். கேக்காத கோவாவுக்கு மீன் தண்ணி ஓடிவருது."

சபாரத்தினம் அண்ணைக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருந்தது.

"நான் அப்ப சின்னப்பிள்ளை," என்றார் மனோரமா.

"சின்னப்பிள்ளையளும் ஊத்தினவை, அக்கா. உயரத்திலை பிடிச்சு, கையிலை படாமல்."

மனோரமா மேலே போய்விட்டார். புனிதா கணவனோடு அன்று முழுக்கப் பேசவில்லை. "உண்மையெண்டாலும் படிக்கட்டிலை வைச்சே கேக்கிறது?" என்று மறுநாள் கேட்டாள். "வேறை எங்கை வைச்சுக் கேக்கிறது? அவையள் கிணத்தடிக்கு என்னைக் கூப்பிடேல்லையே," என்றார் அவர்.

சில நாள் யாரும் ஊற்றவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, படிக்கட்டில் ஏதோ இடிபடுகிற சத்தம். மனோரமா தனியாளாக ஒரு பழைய பிளாஸ்டிக் குளியல் தொட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினார். உதவிக்குப் போன புனிதாவை விலக்கிவிட்டு, அதை அம்பலவாணனின் முன்னால் போட்டார்.

"இதுக்குள்ளை தண்ணி கேக்கிற செடியா ஏதும் வைச்சுத் தாரும். ஊத்தாமல் எனக்கு இருக்க ஏலாது. உம்மட கொம்மாவைப் பற்றி நீர் சொன்னது…" அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் ஊத்தினனான்தான். உயரத்திலை பிடிச்சுத்தான். எனக்கு ஞாபகம் இருக்கு."

மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அம்பலவாணனும் எதிர்பார்க்கவில்லை. தொட்டியில் பூசணி நட்டார். அது மீன் தண்ணீரையும் அரிசித் தண்ணீரையும் குடித்து வெட்கமில்லாமல் படர்ந்தது.

செப்டெம்பரில் கிளேர் வந்தாள். படிக்கட்டுக்குக் கிட்ட இருந்த பாதி, ஊற்றி ஊற்றிச் செத்த பாதி, நரிக் குழிகளோடு கிடந்தது. சட்டிகள் எட்டாத தூரத்துப் பாதியில் தைம் கல்லை மூடியிருந்தது, நீலப் பூக்களில் தேனீ மொய்த்தது. அம்பலவாணன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கிளேர் நிறையச் சிரித்தாள், பிறகு கணக்குப் பார்த்தாள். செத்த பாதிக்குத் தார். உயிரோடிருந்த பாதி, இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்.

தார் உருளை வந்த அன்று மனோரமா அக்கா வாசலில் நின்று அழுதார். "என்ர சட்டிதான் செடியைச் சாகடிச்சது," என்றார். அம்பலவாணன் இல்லையென்று பொய் சொல்லவில்லை. காய்ந்த நீலப் பூத்தலைகளை ஒரு பையில் உதிர்த்து, விதையை அவருடைய கையில் கொடுத்தார். கையில் பட்டது. இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள்.

இப்போது மனோரமா அக்கா அந்த விதையைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து வைத்திருக்கிறார். சவுத்தாலிலும் ஈஸ்ட் ஹாமிலும் சொந்தமாக வீடு வாங்கியவுடன் முன்றலைக் கல்லால் மூடிவிட்டுக் கார் ஏற்றுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். கோலியர்ஸ் வுட்டுக்குப் போய் அவருடைய கதவைத் தட்டி ஒரு பொட்டலம் வாங்குங்கள். முன்றலில் ஒரேயொரு கல்லைக் கிளப்புங்கள். விதையைத் தூவிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.