நான்கு வருஷம் பதினொரு வயது

அன்பான சபையாரே, முன்வரிசையில் இருப்பவர்கள் சற்றுத் தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். நான் நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.

எம்டன் கப்பல் குண்டு போட்ட வருஷம் எனக்குப் பதினொரு வயது. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த அப்பா அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்விட்டார். அம்மா ராயபுரம் கரையில் கருவாடு காயப்போடும் கூலி. ஒரு வேளை உலை கொதித்தால் அன்று எங்களுக்குப் பண்டிகை. வருஷம் போகப் போக என் வயதுப் பையன்களுக்குத் தோள் விரிந்தது, மீசை அரும்பியது. எனக்கு முழங்கால் முட்டி மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது.

சபைக் கொட்டகையில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றுவார்கள். மொத்தம் இருபது தட்டு.

"வயசு இன்னாடா?" என்பாள் கஞ்சி ஊற்றும் எஸ்தர் அக்கா.

"பதினொண்ணுக்கா."

நான்கு வருஷம் இதே பதில்தான். கஞ்சியில் பாதியை அம்மாவுக்குக் கொண்டுபோவேன். காலையில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, என்னை வளரவிடாதேயும்" என்று ஜெபிப்பேன். அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அப்புறம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, நசுங்கிய டின்னோடு வாசலில் வந்து நின்றாள். தட்டு இல்லை என்றார்கள். அவள் போகவில்லை. என் வாயையே பார்த்தாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தேன். ஒரு நாளல்ல, பத்து நாள். இதைச் சொல்ல இன்றைக்கும் என் நாக்குக் கூசுகிறது.

பதினோராம் நாள் காலை பழைய ஜெபம் வரவில்லை. "கர்த்தாவே, பொய் சொல்ல முடியாமல் என் வாயைக் கட்டும். அம்மாவுக்கும் எனக்கும் நீரே வழி காட்டும்" என்று அழுதேன்.

அன்று கஞ்சிக்கு முன் ஸ்தோத்திரப் பாட்டுக்கு வாயைத் திறந்தேன். துறைமுகத்துக் கப்பல் சங்கு ஊதியதுபோல் ஒரு சத்தம். என் குரல் உடைந்துவிட்டது!

"இன்னாடா, தொண்டையில தவக்களை கீதா?" என்றான் பக்கத்துப் பொடியன். கொட்டகையே சிரித்தது.

தட்டை எடுத்துப்போய் அந்தச் சிறுமியின் கையில் வைத்தேன். "அக்கா, எனக்குப் பதினைஞ்சு வயசாச்சு" என்றேன். தலை நிமிரவில்லை.

"தெரியும்டா. கைப்பிள்ளையா இருக்கசொல்ல என் தம்பிக்கும் உனக்கும் ஒரே நாள்லதானே ஞானஸ்நானம் குடுத்தாங்க!" என்றாள் எஸ்தர் அக்கா. "எலும்பும் தோலுமா வந்து நின்னா, உன்னை எந்த வாயால எழுப்புறது? அந்தப் பொண்ணைப் போன்னு சொல்லிட்டு நானும் தூங்கலடா. நாளையிலேருந்து தண்ணி இழு, அண்டா கழுவு. வேலை செய்றவனுக்கு வயசு கேக்க மாட்டாங்க. அடிக்கஞ்சி உனக்கும் உங்கம்மாவுக்கும்."

சொந்தச் சபையில் வயதை மறைத்த புத்திசாலி நான்! ஆனாலும் என் ஜெபத்துக்கு அன்றே பதில் வந்தது. அம்மா பிழைத்தாள்.

இன்று எஸ்தர் அக்காவின் கஞ்சிக் கரண்டி என் கையில். உயரம் நாலே முக்கால் அடி. அண்டாவை எட்டிப்பார்க்க முக்காலி வேண்டும். என் கிறுக்கு ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுவிட்டார் என்று கேலி செய்வேன். அது உண்மையல்ல. என் வளர்த்தியை அவர் நிறுத்தவில்லை, பசிதான் நிறுத்தியது. அதனால் குரல் உடைந்த பையன் வந்தால் வயது கேட்கமாட்டேன். ஒரு கரண்டி அதிகமாக ஊற்றுவேன்.

பிரியமானவர்களே, வெட்கத்தோடேயே அவரிடம் போங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் வயது அவருக்கு முன்பே தெரியும்.