லூயி-பிளாங் தெருவில் ஒரு 1874

பரிசில் ஓர் ஏல நிறுவனத்தின் பொதி கட்டும் அறையில் சாரதாதேவி வேலைக்குச் சேர்ந்தது 2009 இலையுதிர்காலத்தில். இலங்கையில் போர் முடிந்த அந்த வருடம், அவளுடைய சனங்களுக்குத் துவக்கு, துப்பாக்கி என்ற சொற்களையே கேட்கப் பிடிக்கவில்லை. முதல் வாரமே மேற்பார்வையாளர் ஒரு பழைய ரிவால்வரைக் கையில் கொடுத்து, சுற்றிக் கட்டச் சொன்னார். முகத்தைக் காட்டாமல் குனிந்தபோதுதான் குழலில் ஒரு வருடமும், உடற்பகுதியில் ஆயுதசாலையின் பெயரும், சின்னச் சின்னப் பாகங்களிலெல்லாம் ஒரே இலக்கமும் பொறித்திருப்பதைக் கண்டாள். வாசிக்கக்கூடிய சாமான் என்று தெரிந்ததும் பயம் கொஞ்சம் தள்ளி நின்றது.

பிறகு அவளால் அதை விட முடியவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் பழசான, சட்டம் வீட்டில் வைத்திருக்க விட்டவற்றை மட்டும் பழம்பொருள் சந்தைகளில் தேடி வாங்கினாள். இலக்கம் பொருந்தாதது, பின்னாளில் கறுப்புப் பூசியது, பெல்ஜியத்தில் செய்து பிரெஞ்சு முத்திரை குத்தியது என்று பிரித்தறியப் பழகினாள். பரிசின் புறநகரான பொண்டியில் இருந்த அவள் வீட்டுக் கண்ணாடி அலுமாரி மெல்ல நிறைந்தது.

"வீட்டுக்கை துவக்கு அடுக்கி வைச்சிருக்கிற யாழ்ப்பாணத்துப் பொம்பிளை நீர் ஒராள்தான்," என்பார் கணவர் மகேந்திரராசா.

"இதுகள் சுடாத துவக்குகள்."

"சுடாட்டியும் துவக்குத்தான்."

2015 நவம்பரில், நகரமே நடுங்கிப்போயிருந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்கு அடுத்த வாரம், கணவரின் சித்தப்பா மகன் கரிகாலன் அவளை அழைத்தான். லூயி-பிளாங் தெருவில் அவனுக்கு டெலிபோன் கடை. கடைக்கு மேலே குடியிருந்த ஜெனவியேவ் என்ற முதியவர், இறந்துபோன கணவரின் மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு பழைய ரிவால்வரைக் கண்டிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நித்திரை வரவில்லை, யாராவது வந்து பார்த்தால் நல்லது என்றாராம்.

ஜெனவியேவின் அறை இருட்டாக இருந்தது. ஆனாலும் பழந்துணியைப் பிரித்ததும் சாரதாதேவிக்கு அடையாளம் தெரிந்தது. கருநீலப் பூச்சு, குண்டுகள் இடும் சுழல் உருளையில் பள்ளமான வரிகள். படைவீரருக்கான 1873 மாதிரி அல்ல, அதிகாரிகளுக்கான 1874. ஆறு வருடமாகத் தேடியது. குண்டு போடும் சிறுகதவு துருவேறி இறுகியிருந்ததால் உள்ளே பார்க்க முடியவில்லை.

"யாரும் சுட்டதே இல்லை. என் கணவரின் தாத்தாவுடையது. எடுத்துப் போய்விடுங்கள்," என்றார் ஜெனவியேவ்.

நல்ல வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்பட்டு, துணிப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். அவசரத்தில் பை படிக்கட்டுக் கம்பியில் ஒருமுறை மோதியது.

கடையின் பின்னறையில், டெலிபோன் திருத்தும் விளக்கின் கீழ் அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, உருளையின் முன்புறத்தைச் சாய்ந்து பார்த்தாள். வெறும் துளைகள் தெரியவேண்டிய இடத்தில் ஈயக் குண்டுகளின் மங்கிய சாம்பல் நிறம். ஐந்து துளையிலும். ஆறாவது துளை குழலுக்கு நேரே இருந்ததால் தெரியவில்லை. கம்பியில் மோதிய சத்தம் திரும்பவும் காதுக்குள் கேட்டது.

"தம்பி, வாசல் பக்கம் நில்லுங்கோ. இது லோட் பண்ணிக் கிடக்குது."

கரிகாலனின் முகம் வெளிறியது. கண்ணாடிக்கு வெளியே, நீண்ட துவக்குகளோடு இராணுவத்தினர் நான்கு பேர் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, எனக்குக் குடியுரிமைக்கு நசியோனாலித்தே விசாரணை வாற மாசம். என்ரை கடையிலை இதைப் பிடிச்சா என்ரை கதை முடிஞ்சுது. தாங்கோ, கனாலுக்கை எறிஞ்சுபோட்டு வாறன்."

கால்வாய் அந்தத் தெருவிலேயே இருந்தது. அவளுக்கும் ஆசை வந்தது. ஆனால் எறிவதற்கு முதலில் அதைத் தூக்க வேண்டும். பழைய வெடிமருந்து எப்போது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

"தொடாதேங்கோ. நீங்கள் ஆக்களை உள்ளை விடாமல் வெளியிலை நில்லுங்கோ. நான்தான் கொண்டுவந்தனான், நானே பொலிசுக்கு டெலிபோன் அடிக்கிறன்."

"உங்களுக்கு விசரே அண்ணி? இந்தக் கிழமையிலையோ?"

"இந்தக் கிழமையெண்டபடியாத்தான். அவங்களாக் கண்டுபிடிக்கிறதுக்கு முதல் நாங்கள் சொல்லிப்போட வேணும்."

அவன் வெளியே போனான். பெயர், விலாசம், பொருள், அது எந்தப் பக்கம் நோக்கிக் கிடக்கிறது எல்லாம் நிதானமாகத் தொலைபேசியில் சொன்னாள். சைரன் கேட்டதும் கடை நடுவே வந்து, யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் உயர்த்தினாள். உள்ளே நுழைந்தவர்கள் அவளைச் சுவரோடு திருப்பி நிறுத்தினார்கள். சுவர் ஓடுகளுக்கு இடையில் ஓர் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டு, கேட்டவற்றுக்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னாள். கை கழன்று விழப்போவதுபோல் வலித்தது.

அன்று பின்னேரம் முழுவதும் காவல்நிலையத்தில் இருந்தாள். ஜெனவியேவை அழைத்துக்கொண்டு வந்தவன் கரிகாலன்தான். அந்த முதியவர் தடியை ஊன்றியபடி, அது தன்னுடைய லாச்சியிலிருந்து போனது என்று ஒவ்வொருவரிடமும் உரத்துச் சொன்னார்.

அதே நேரம் பொண்டி வீட்டுக் கதவையும் பொலிஸ் தட்டியது. அலுமாரியைக் கண்டதும் அவர்கள் பேச்சு கடுமையானது. மகேந்திரராசா அலுமாரிக்கு முன்னே வந்தார். பிறகு, தன் குரலைத் தானே நம்பாதவர்போல், விரலால் காட்டத் தொடங்கினார்: இது படைவீரருக்கானது, வருடம் குழலில் இருக்கிறது, இது பெல்ஜியம், விசையில் இலக்கம் பொருந்தாது, இது எரிந்த வீடொன்றிலிருந்து வந்தது. சோற்றுக்கோப்பையோடு இருந்தபோது அவள் சொல்லிக் காதில் விழுந்ததெல்லாம் வாயில் வந்தது. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றையும் எடுக்காமல் போனார்கள்.

இருட்டும் வேளையில் அவளை விட்டார்கள். காவல்நிலைய வாசலில் மகேந்திரராசா நின்றார்.

"எல்லாத்தையும் நான்தான் சொன்னன். பெல்ஜியத்தைப் பற்றிப் பிழையாச் சொல்லிப்போட்டனோ தெரியாது," என்றார்.

அவள் தெருவென்றும் பாராமல் அழுதாள்.

அந்த ரிவால்வரை நிபுணர்கள் அழித்துவிட்டார்கள். ஆறாவது துளையிலும் குண்டு இருந்ததாம். கரிகாலனுக்குக் குடியுரிமை அடுத்த வருடம் கிடைத்தது. ஆனாலும் அந்த ஒரு மாத நெஞ்சிடியை அவன் மறக்கவில்லை. அவள் கடைக்கு வந்தால் முதலில் கையிலிருக்கும் பையைத்தான் பார்ப்பான். அவள் தேடுவதை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் வருடத்தையும் முத்திரையையும் பார்ப்பதற்கு முன், கைவிளக்கைப் பிடித்து உருளைக்குள் பார்க்கிறாள். விற்பவர்கள் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும் என்று, ஒவ்வொரு துளையாக.