கலைக்காத வேஷம்

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் புதுக்கோட்டைச் சீமையில் திருவிழாவுக்குத் திருவிழா ஒரு ராஜா வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தார். அந்த ராஜாவின் பெயர் பங்கிராஸ். ஆவூர்க்காரன், கிறிஸ்தவ வேதக்காரன். பகலில் பார்த்தால் பீடியைக் காதில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் ஒல்லி ஆள். வேஷம் கட்டி ஒரு விருத்தம் எடுத்தான் என்றால், முன்வரிசையில் தூங்கிக் கிடந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரு விசித்திரமான பிழைப்பு. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜா ஒரு ஊரிலிருந்து வருவார், ராணி வேறொரு ஊரிலிருந்து, பபூன் எங்கிருந்தோ. ஆளாளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி. மேடையில் ஏறியபிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். விடிந்தால் அவரவர் பஸ், அவரவர் வழி.

இந்தப் பிழைப்பு அவன் ஆத்தாளுக்குப் பிடிக்கவில்லை. அவன் தகப்பன் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணியடித்து, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவர். பங்கிராஸின் குரல் முதலில் பாடியதும் பூசைப் பாட்டுத்தான். அந்தக் குரல் கொட்டகைக்குப் போனதை அவள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். தகப்பன் அடக்கத்துக்குக் காதோரம் சிவப்புச் சாயம் போகாமல் அவன் வந்து நின்றதைத்தான் பொறுக்கவில்லை.

"இது நான் பெத்த மொகமில்ல. எம்மகன் மொகத்தோட வாரதுன்னா வா. இல்லாட்டி நான் செத்தாலும் இங்கிட்டு வராத" என்று ஊர் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

அவனுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போனவன் போனவன்தான், ஆறு வருஷம் வாசற்படி மிதிக்கவில்லை. விட்ட வார்த்தையை அவள் திரும்ப எடுக்கவில்லை, இவனும் இறங்கிப் போகவில்லை. இரண்டும் ஒரே ரத்தம், வேறென்னத்தைச் சொல்ல!

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பிறந்த சமயம். அதற்கு முந்தி ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. நார்த்தாமலைக்கு அங்கிட்டு ஒரு சிற்றூரில் மழை கேட்டு நாடகம் வைத்தார்கள். அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. மழை நாடகத்தில் ராஜாவும் பரிவாரமும் விடிந்தபிறகு வேஷத்தோடேதான் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும். ஊருக்குள் வேஷம் கலைந்தால் கூடிவந்த மேகமும் கலைந்துபோகுமாம். எல்லையைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள்ளலாம், வேட்டி மாற்றிக்கொள்ளலாம்.

விடியற்காலையில் மங்களம் பாடிக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் பக்கத்தில் அக்காள் புருஷன் லூர்துநாதன் வந்து நிற்பதைப் பங்கிராஸ் பார்த்தான். முதல் பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருந்தார்.

"மாப்ளே, ஆத்தாளுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிருச்சு. சாமியார் வந்து கடைசி அவஸ்தைப்பூசுதலும் குடுத்துட்டுப் போயிட்டாரு. பங்கிராசு மொகத்தப் பாக்கணும், மொகத்தப் பாக்கணும்னே சொல்லிக்கிட்டுக் கெடக்கு. கெளம்பு."

"அதுவா கேட்டுச்சு? வாய்விட்டுக் கேட்டுச்சா மச்சான்?"

"சாகக் கெடக்குற மனுசி பேர்ல நான் பொய் சொல்லுவனா?"

பங்கிராஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷமா, பயமா, அவனுக்கே தெரியவில்லை. ஆத்தாள் கேட்டுவிட்டாள்! கை தானாகக் கிரீடத்துக்குப் போயிற்று. ஊர்த் தலைமைக்காரர் அம்பலம் நல்லதம்பி ஓடிவந்து கும்பிட்டார்.

"ராஜா, எல்லை தாண்டுற வரைக்கும் பொறுத்துக்கங்க. சனம் வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கிட்டுக் கெடக்குதுங்க."

அவ்வளவு பெரிய மனிதர் கண்கலங்கிக் கேட்கும்போது என்ன செய்வது? கிரீடத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

முதல் மாட்டுவண்டியில் ஆட்கள் ஏறினார்கள், இரண்டாவது வண்டியில் பெட்டிகள். வண்டி ஊரை விட்டு நகரவில்லை, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது! இத்தனை மாதம் எங்கே போயிருந்ததோ, அப்படி ஒரு மழை. சனங்கள் சேற்றில் குதித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். வழியை மறித்து ராஜாவின் காலைத் தொட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். "விடுங்கய்யா, எங்க ஆத்தா சாகக் கெடக்குதுய்யா" என்று அவன் கெஞ்சியது மழைச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. ஒரு வழியாக ஆட்கள் ஏறிய வண்டி ஓடையைத் தாண்டியது. பெட்டி வண்டி வருவதற்குள் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. பெட்டிகள் அந்தக் கரையிலேயே நின்றுபோயின.

மழை சற்று விட்டபோது மெயின் ரோட்டில் ஒரு மைல்கல் பக்கத்தில் லூர்துநாதனோடு வேஷக்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். ஒரு ராஜா, ராணி வேஷம் கட்டிய சொர்ணவல்லி, அரக்கனாக வந்த முத்துராமன், பபூன் கண்ணுசாமி. என்றோ நடந்த கதையிலிருந்து நான்கு பேரைப் பிடுங்கிக்கொண்டு வந்து, லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டோரம் விட்டதுபோல இருந்தது. மாற்றுத்துணி கிடையாது, எண்ணெய் கிடையாது. அரிதாரம் மழைக்கெல்லாம் போகிற சாமானா? தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் விடும்.

முதலில் வந்த பஸ்ஸில் கண்டக்டர் கதவைத் திறக்கவே இல்லை. "ராஜாவுக்கு ரதம் வருமுய்யா, இது எதுக்கு? வண்டி ஃபுல்லு!"

"அண்ணே, எங்க ஆத்தா உசுரு போய்க்கிட்டு இருக்குண்ணே. ஒரே ஒரு ஆளு, படியில தொத்திக்கிட்டு வாரேன்" என்று பங்கிராஸ் கையெடுத்துக் கும்பிட்டு அழுதான். கண்ணீர் நிஜம், முகம் வேஷம். ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "என்னமா நடிக்கிறான்யா!" என்று ஒருவர் மெச்சக்கூட மெச்சினார். பஸ் போய்விட்டது. கண்ணுசாமி, ஊரையே சிரிக்க வைக்கிற பபூன், ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

ரோட்டோரம் காத்தாயி என்கிறவள் காப்பிக்கடை வைத்திருந்தாள். சொர்ணவல்லி போய் விஷயத்தைச் சொன்னதும் அவள் ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் கிழிந்த துண்டு ஒன்றும் கொண்டுவந்தாள்.

"மொதல்ல மொகத்தத் தொடைங்க ராஜா. பெத்தவளப் பாக்கப் போறவங்க" என்றாள்.

பங்கிராஸ் எண்ணெயில் விரலை வைக்கப் போனான், திருச்சி போகிற பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. லூர்துநாதன் ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். பஸ் நின்றது.

"ஏறு மாப்ளே! இத விட்டா உச்சிக்குத்தான் அடுத்த வண்டி!"

"மச்சான், மொகம்..."

"மொகத்த வீட்டுல கழுவிக்கலாம், ஏறுடா!"

ஏறிவிட்டான். எண்ணெயைக் கையோடு கொண்டுபோயிருக்கலாமே என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லலாம். அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? பிற்காலத்தில் அவன் கல்யாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று, நாடகத்தை விட்டுவிட்டுக் கீரனூரில் மளிகைக்கடை போட்ட பிறகும், அந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. வியாபாரம் நடக்கும்போதே நிறுத்திவிட்டு அதைச் சொல்வான். வந்தவர்கள் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கீரனூரில் இறங்கி ஒரு வாடகை சைக்கிள் எடுத்தார்கள். லூர்துநாதன் மிதிக்க, ராஜா பின்னால் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. ஆவூருக்குள் நுழைந்ததும் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வாசலில் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

அக்காள் அருளம்மாள் வாசலிலேயே மறித்தாள். "அடப்பாவி, இந்தக் கோலத்துலயாடா வந்தே?"

"எண்ணெய் குடுக்கா. கழுவிட்டு வந்துர்றேன்."

"கழுவுறதுக்குள்ள போயிரும்டா! அரை நாளா ஒனக்காகத்தான் மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. உள்ள போ!" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

உள்ளே ஒற்றை விளக்கு. மூலையில் கிறிஸ்மஸுக்கு வைத்த குடில் இன்னும் எடுக்காமல் இருந்தது. பாலன் இயேசுவைக் கும்பிட வந்த மூன்று ராஜாக்களின் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள். வழக்கப்படி அருளம்மாள் அந்த மண் ராஜாக்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலன் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள். முன்னால் இருந்த ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டிருந்தார்.

ஆத்தாள் கயிற்றுக் கட்டிலில் கால்வாசியாக வற்றிக் கிடந்தாள். பங்கிராஸ் கிரீடத்தைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டான். அவள் கண்ணைத் திறந்தாள். புரை விழுந்த கண். அந்தக் கண்ணுக்கு ஜிகினா மேலங்கியும், சிவப்பு முகமும், கழற்றி வைத்த கிரீடமும் தெரிந்தன. அவள் முகம் மலர்ந்தது. கட்டிலிலிருந்து எழப் பார்த்தாள்.

"ராசா... நீங்களா வந்துருக்கீங்க? எம் வீட்டுக்கா?"

"ஆத்தா, நாந்தான் ஆத்தா. பங்கிராசு."

விடிய விடியப் பாடிய தொண்டை கரகரத்துப் போயிருந்தது. யாருடைய குரலோபோல வெளியே வந்தது. அவள் மெல்லச் சிரித்தாள்.

"வெளையாடாதீங்க ராசா. எம்மகன் மொகம் எனக்குத் தெரியாதா?"

அருளம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பங்கிராஸ் கை இரண்டாலும் முகத்தைத் தேய்த்தான், தேய்த்தான். சாயம் அங்கிட்டும் இங்கிட்டும் அப்பிக்கொண்டதே தவிரப் போகவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராசா, வார வழியில எம்மகனப் பாத்தீங்களா? ஒல்லியா இருப்பான். நல்லாப் பாடுவான். நான் ஒரு கோவத்துல ஏதோ சொல்லிப்புட்டேன், அவன் வரவே இல்ல."

எத்தனை ஊர் மேடையில் எத்தனை வசனம் பேசியவன். அன்றைக்கு இந்த ஒரு வசனத்தை மெதுவாகத்தான் சொன்னான்.

"பாத்தேன் ஆத்தா. வந்துக்கிட்டு இருக்கான். வந்துருவான்."

"மழை பேயுதே. மெதுவாவே வரச் சொல்லுங்க. ஓடியாந்து எங்கயாச்சும் விழுந்துருவான்."

பங்கிராஸ் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினான். அக்காள் கொடுத்த எண்ணெயை முகத்தில் கவிழ்த்து, சாம்பலையும் அள்ளிப் போட்டுத் தோல் எரிய எரியத் தேய்த்தான். மேலங்கியைக் கழற்றி வீசினான். தொட்டித் தண்ணீரில் தலையோடு முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட உள்ளே ஓடி வந்தான்.

அருளம்மாள் ஆத்தாளின் கண்களை மூடிவிட்டுக் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள். பங்கிராஸ் கழுவின முகத்தை ஆத்தாள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், "ஆத்தா, வந்துட்டேன்" என்றான்.