மூடாத மூடி

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் அவளுக்கு ராசியக்கா என்று பெயர். அவள் எடுக்கும் போனுக்கெல்லாம் நல்ல சேதிதான் திரும்பி வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கொஞ்சம் நம்பத்தான் செய்தாள். ஓசியில் வருகிற பெருமையை யார் வேண்டாம் என்பார்கள்!

புது லேப்டாப்புகள் வந்ததும் அந்தப் பெருமைக்குக் கேடு வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய திரை மட்டும் பட்டென்று இருண்டுவிடும். அழைப்பும் அதன் வழியாகத்தான் வருகிறது என்பதால், எதிர்முனையில் அழுகிறவரின் குரலும் அறுந்துபோகும். ‘ஸ்லீப்’புக்குப் போய்விட்டது என்றார்கள். மனுஷி கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மெஷினுக்கு என்ன தூக்கம் வேண்டிக்கிடக்கிறது?

கம்ப்யூட்டர் அண்ணன் வந்தார். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், அவரைவிட மூத்த மேலதிகாரிக்குக்கூட. திரை அணைவது, தூங்குவது, பேட்டரியை மிச்சம் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகத் திறந்து ‘ஒருபோதும் இல்லை’ என்று வைத்தார். சார்ஜரை மாற்றினார். கடைசியில் பக்கத்து மேஜை லேப்டாப்பையே தூக்கி அவளிடம் கொடுத்தார். அங்கே சமர்த்தாக இருந்த அதுவும் இவளிடம் வந்ததும் தூங்கியது.

“உன் கைராசி அப்படிம்மா!” என்று சிரித்தார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளுக்கோ அது விளையாட்டாகப் படவில்லை. ராசியான கை கெட்டும் போகுமா? சோறு பரிமாறும்போதுகூடத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணி அடித்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டே எடுத்தாள். தன்னால் ஓர் உயிர் போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை ஒருவர் அழைத்தார். மனைவி சமையலறையில் சுருண்டு விழுந்துவிட்டாள், மூச்சே இல்லை என்று குழறினார். முகவரியைக் கேட்டுத் தட்டினாள். மல்லாக்கப் படுக்கவைத்து, நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரை இருண்டது.

“ஐயோ! ஹலோ! ஹலோ!”

கத்திக்கொண்டே பொத்தானை அழுத்தி எழுப்பினாள். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்புத் தப்பாக விழுந்தது. உள்ளே போனபோது நல்லவேளை, முகவரி அப்படியே இருந்தது. வண்டியை அனுப்பிவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரி வந்து அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றும்வரை விடாமல் கூப்பிட்டாள். முடிந்தது, நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

விஷயம் கேட்டு ஓடிவந்த அண்ணனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வழக்கமா எப்படித் தட்டுவியோ அப்படியே தட்டும்மா. நான் பாக்கறேன்.”

தட்டினாள். இடது மணிக்கட்டை லேப்டாப்பின் ஓரத்தில் ஊன்றியதும் இருண்டது.

“கையை எடு. எழுப்பிட்டு மறுபடி அங்கேயே வை.”

மறுபடியும் இருண்டது. அண்ணன் அவள் கையில் இருந்த காப்பைத் தொட்டார். “இது ஏது?”

“மணிக்கட்டு வலிக்குதுன்னு பையன் வாங்கிக் கொடுத்தான். காந்தக் காப்பு.”

“அட கடவுளே! மூடியில ஒரு காந்தம் இருக்கும்மா. அது பக்கத்துல வந்தா, மூடிட்டாங்கன்னு நினைச்சு இது தூங்கிடும். உன் காப்பை மூடின்னு நினைச்சிருக்கு. மூடியை யாரு மூடப்போறாங்கன்னு, ‘மூடினா தூங்கு’ங்கற அந்த ஒண்ணை மட்டும் நான் மாத்தாம விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அறையே சிரித்தது. அவளால் முடியவில்லை. காப்பைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டு, வண்டி டிரைவருக்குப் போன் செய்தாள்.

“தம்பி, அந்தம்மா...?”

“மூச்சு வந்துடுச்சுக்கா. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு, இனி பொழச்சுப்பாங்கன்னு டாக்டர் சொல்றாரு. அந்த வீட்டுக்காரரைப் பிரிச்சு எடுக்கத்தான் எங்களுக்குப் பெரும்பாடாப் போச்சு. நாங்க போய் நிக்கறோம், அழுத்தறதை விடவே மாட்டேங்கறாரு. போன் அடிச்சப்பகூடக் கையை எடுக்கலையாம்.”

“ஏன்?”

“‘போன்ல பேசின அந்தம்மா இன்னும் நிறுத்தச் சொல்லலையே’ன்னு அழறாருக்கா.”

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.