சித்தப்பாவுக்குத் தடுப்பூசி

மீசை வைத்த ஒருவர் குழந்தை டாக்டரிடம் தடுப்பூசி போட்டுக்கொண்டதைப் பார்த்த பாக்கியம் எனக்கு உண்டு. அவர் என் சித்தப்பா. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

அதற்கு முந்தின வருடம் சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பெங்களூரு ஆஸ்பத்திரியில் அவருடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, என் அப்பாவின் மஜ்ஜையை எடுத்து ஏற்றினார்கள். அத்தையையும் பரிசோதித்தார்கள்; பொருந்தவில்லை. அந்தக் கோபம் அத்தைக்கு ரொம்ப நாள் இருந்தது, யார் மேல் என்றுதான் அவளுக்கே தெரியவில்லை. அப்பாவின் மஜ்ஜை சித்தப்பாவிடம் நிலைக்குமா, நோய் திரும்பி வருமா என்று பெரியவர்கள் வருடம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் சித்தப்பா இப்போது நாளெல்லாம் கேரம் ஆடக் கிடைக்கிறார் என்பதுதான்.

ஒரு வருடம் நல்லபடியாகப் போனதும் பெங்களூரு டாக்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார். பழைய மஜ்ஜையோடு சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் போய்விட்டதாம். கைக்குழந்தைக்குப் போடுவதுபோல எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டுமாம். எங்கள் ஊரில் அந்த ஊசிகள் ராபர்ட்சன்பேட்டைக் குழந்தை டாக்டரிடம்தான் இருந்தன. அப்போதுதான் மீசை திரும்ப முளைத்திருந்த சித்தப்பாவுக்கு இது மானப் பிரச்சினை.

“தில்பசந்த் வாங்கித் தரேன், வா” என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். ஸ்கூட்டர் பேக்கரியைத் தாண்டிப்போய் கிளினிக் வாசலில் நின்றது.

“இன்னா சித்தப்பா, இங்க நிறுத்திட்டீங்க?”

“கொஞ்ச நேரந்தான். நீ பக்கத்துல உக்காரு, அது போதும்.”

வெளி பெஞ்சில் கைக்குழந்தைகளோடு அம்மாக்கள். மாஸ்க் போட்ட சித்தப்பா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை டாக்டரிடம் காட்ட வந்த பொறுப்பான மனிதரைப்போல உட்கார்ந்தார்.

“பாப்பாவுக்கு இன்னா ஒடம்புக்கு?” என்றாள் பக்கத்திலிருந்த ஓர் அம்மா.

“ஊசி போடணுங்க” என்றார் சித்தப்பா. யாருக்கு என்று சொல்லவில்லை.

ஊசி எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். ஓவென்று அழுதேன். அந்த அம்மா தன் குழந்தையின் கிலுகிலுப்பையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். இப்போது அந்தக் குழந்தையும் அழுதது. நர்ஸ் வெளியே வந்து சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, “மகு எல்லி?” என்று கன்னடத்தில் குழந்தையைத் தேடினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். என் அழுகை டக்கென்று நின்றது. “இவர்தான்” என்று விரலை நீட்டினேன்.

சித்தப்பா எழுந்தார். எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம் அவர். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. “பயப்படாம போங்க, எறும்பு கடிச்சா மாரிதான் இருக்கும்” என்றாள் அந்த அம்மா. வேறு வழியில்லாமல் அவரும் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு உடம்பு சுட்டது. அந்த ஒரு வருடமாக அவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே கார் பிடித்து பெங்களூருக்கு ஓட வேண்டும். அப்பா பையில் துணிகளைத் திணித்தார். பெங்களூரு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் நிறையக் கேள்விகள் கேட்டுவிட்டு, இது ஊசியால் வந்த காய்ச்சலாகத்தான் தெரிகிறது, அடிக்கடி அளந்து பாருங்கள், ஏறினால் கூட்டி வாருங்கள் என்றாராம். அப்பா பையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை சித்தப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு தம்பிகளையும் தூக்கி வளர்த்தவள் அவள்.

“இவனுக்குச் சின்னதுல எந்த ஊசி போட்டாலும் ஒடம்பு சுட்டதே கெடையாதுடா. போட்டுகினு வந்து வெளயாட ஓடிடுவான். ஒனக்குத்தான் ஒவ்வொரு தபாவும் காயும்” என்றாள் அப்பாவிடம்.

“அப்ப இது உன்னோட காய்ச்சல்ணா. நீயே திருப்பி எடுத்துக்கோ” என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வந்து சித்தப்பாவின் கழுத்தில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. தன் மஜ்ஜை தம்பியிடம் நிலைத்துவிட்டது என்று அந்தச் சூடு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அத்தை “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு மேல் அவள் சுமந்த கோபம் அன்றைக்குத்தான் இறங்கியது என்று நினைக்கிறேன்.

சித்தப்பா இன்றைக்கும் அதே ரயிலில் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பது இப்போது தெரியும். எங்களுக்கு அமைந்தது. அந்த டாக்டர்களை, ‘மகு’வைத் தேடிய நர்ஸைக்கூட, நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சல்காரரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு யாரும் எதுவும் செய்யவில்லையே என்று, நானே துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இரும்மா” என்றார். “கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.