புகைந்த வெள்ளைப் பெட்டி

பிள்ளைகளா, நம் வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கும் அந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை ஏன் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். மூடி உடைந்து, ஓரமெல்லாம் பிய்ந்துபோன பெட்டிதான். ஆனால் என் பெரியம்மா மகள், உங்கள் அத்தை, ஒரு வருஷமாக எதிர்பார்த்திருந்த பொருள் அதில்தான் வந்தது.

அக்கா விருதுநகரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்த அளவைச் சொல்கிறேன். நம் உடம்பின் செல்லுக்குள் டி.என்.ஏ. என்ற நீளமான நூல் இருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் அது சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது, நம்மூர்ச் சரவெடி மாதிரி வரிசையாக, உருண்டை உருண்டையாக. அந்த உருண்டைகளின் மேல் உடம்பு சின்னச் சின்ன அடையாளம் வைக்கும். நூலில் எந்த இடம் வேலை செய்யும், எது சும்மா கிடக்கும் என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டாம். பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு அந்த அடையாளங்கள் மாறுகின்றனவா? அதுதான் அக்காவின் கேள்வி. பெரியம்மா அந்த அறையில் வேலை பார்த்தே இருமலோடு போய்ச் சேர்ந்தவர். மாற்றத்தைக் கண்டுபிடிக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அடையாளமே விழாத ஹிஸ்டோன் வேண்டும். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டு தயாரிப்பார்கள். குளிர் குறைந்தால் கெட்டுவிடும். அதைத்தான் அக்கா ஆர்டர் போட்டுக் காத்திருந்தாள்.

நான் அப்போது சிவகாசியில் பார்சல் ஆபீஸில் புக்கிங் எழுதிக்கொண்டிருந்தேன். “நீ இருக்கிற ஆபீசுக்கே வரட்டும்டா, நானே வந்து வாங்கிக்கிடுதேன்” என்று அக்கா சொல்லியிருந்தாள். தீபாவளி சீசன், மழை விட்ட காலை. அவளைக் கூட்டிவர நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்த நேரத்தில் லாரி வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது ஆபீசே தெருவில் நின்றது. எதிரே காலி மைதானத்தில் எங்கள் லோடுமேன் அண்ணாச்சி மட்டும். அவர் காலடியில் அந்தப் பெட்டி. இடுக்கு வழியே வெள்ளைப் புகை வந்ததாம். எங்கள் ஊரில் புகையைக் கண்டால் யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. அண்ணாச்சியின் மனைவி பட்டாசுக் கம்பெனி விபத்தில் போனவர். எல்லோரும் வெளியே ஓட, அவர் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியிருக்கிறார். நாங்கள் பார்க்கும்போது மூடியை உடைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஹிஸ்டோன் குப்பிகளைச் சுற்றி இருந்தது உலர் ஐஸ், அதாவது உறையவைத்த கரியமில வாயு. அது தண்ணீராக உருகாது, புகையாகவே போகும். தண்ணீர் பட்டால் இன்னும் பொங்கும். ஊற்ற ஊற்றப் புகை அவர் இடுப்புக்கு ஏறியது.

“அண்ணாச்சி, விட்டுட்டு வாங்க!” என்று தெருவில் நின்றவர்கள் கத்தினார்கள்.

“ஏலே, அங்கனயே நில்லுங்கலே! இது அணைய மாட்டேங்கு!”

நானும் அக்காவும் ஓடிப் போய்ச் சேர்வதற்குள், சின்னக் குப்பிகள் மூடி திறந்து சேற்றில் சிதறிக் கிடந்தன. விஷயம் தெரிந்ததும் ஒருவன் சிரித்தான்: “ஐசுக்குத் தண்ணி ஊத்தி அணைச்ச ஒரே ஆளு நீங்கதான் அண்ணாச்சி!” வேறு யாரும் சிரிக்கவில்லை. அக்கா சேற்றில் உட்கார்ந்து குப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி அவள் பக்கத்தில் குந்தினார். “இது எதுக்குத் தாயி?”

வெடிமருந்து அறை வேலை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு என்றாள்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டி, தழும்பு ஓடிய கையை நீட்டினார். “அப்பம் என் ரத்தத்த எடுத்துக்கோ. எம்புட்டு வேணும்னாலும் எடு.”

“ரத்தம் இருக்கு அண்ணாச்சி. தாயில்பட்டி மருந்தறைப் பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் குடுத்திருக்காக. அதப் பாக்கத்தான் இது வேணும்.”

அண்ணாச்சி நீட்டிய கையை மடக்கவே இல்லை. “உங்க மேல தப்பில்ல. புகையப் பாத்துட்டு நீங்க வேற என்ன செய்வீக?” என்று சொல்லி அக்காதான் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள்.

மறு ஆர்டருக்கு அனுமதி வருவதற்குள் அக்காவின் ஆய்வுத் திட்டத்தின் காலம் முடிந்தது. அக்கா வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அண்ணாச்சி பெட்டியைக் கழுவிக் காயவைத்து என்னிடம் கொடுத்தார். “அந்தப் புள்ள திரும்ப ஆர்டர் போட்டா, இதுலயே வரட்டும்” என்றார். அவர் காலமாகி வெகுநாளாயிற்று.

போன வாரம் தாயில்பட்டி பஸ்ஸில் ஒரு அம்மா, அந்தக் காலத்தில் அக்காவோடு ரத்தம் எடுக்கப் போயிருந்த என்னை அடையாளம் கண்டு, இருமலுக்கு நடுவே கேட்டார்: “உங்க அக்கா எங்க ரத்தத்த எடுத்துட்டுப் போச்சே, என்னன்னு பாத்துச்சாய்யா?” இன்னும் பார்க்கவில்லை என்றேன். “சரி, மெதுவா வரட்டும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குட்டிகள் கண் திறந்து இறங்கியதும் பெட்டியைக் கழுவி வெயிலில் வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம்.