லயத்தில் வாசிக்கப்பட்ட அறிக்கை

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது தொலைபேசி வந்தது. பேசியவர் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் மாரியாயி. "நம்ம புஷ்பராணி மிஸ் தவறிப் போயிட்டாங்க சார். நீங்க வருவீங்களா?" அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்தது. அதற்கு நியாயமும் உண்டு.

புஷ்பராணியும் நானும் ஒரே தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தோம். மாரியாயியின் தோட்டத்தில் அங்குள்ள பெண்களும் சேர்ந்து உழைத்த குடிநீர்த் திட்டம் முடிந்ததும், அதை மதிப்பிட இருவரும் போனோம். நான் கேள்வித்தாளை எடுத்தேன். புஷ்பராணி தடுத்தார். "வேல செஞ்சவங்களே பாத்துச் சொல்லட்டும் சார். நம்ம பேனா கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

பெண்கள் தங்கள் வரிசை வீடுகளான லயங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி நடந்து ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார்கள். மேல் லயத்துக் குழாய்களில் காற்றுதான் வந்தது. மாரியாயி தங்களையும் விட்டுவைக்கவில்லை. "மேட்டுக்குத் தண்ணி ஏறாதுன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். திட்டம் போட்ட கூட்டத்துல வாயத் தொறக்காம கையெழுத்துப் போட்டோமே, அது எங்க தப்பு. அதையும் எழுதுங்க."

நான் எழுதவில்லை. 'பயனாளிகள் முழுத் திருப்தி தெரிவித்தனர்' என்று எழுதினேன். மேலிடத்துக்கு அதுதான் பிடிக்கும் என்று தெரியும். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

புஷ்பராணி அந்த அறிக்கையை லயத்து வாசலில் வைத்து, அதே பெண்களுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினார். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரும் சத்தம் போடவில்லை. மாரியாயி மட்டும் கேட்டார்: "இது எந்தத் தோட்டத்தப் பத்திங்க சார்?"

அதன் பிறகு புஷ்பராணியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மன்னிப்புக் கேட்க வட்டவளையில் அவர் வீட்டுக்குப் போனேன். "எங்கிட்ட எதுக்கு சார்? அவங்ககிட்ட கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை.

வேலை போன பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போய்வந்தார். பெண்கள் தாங்கள் கண்ட குறைகளை ஒவ்வொன்றாகப் பேசி, மலை உச்சி ஊற்றிலிருந்து தாங்களே மண் வெட்டிக் குழாய் இறக்கினார்கள். மேல் லயத்துக்கு இப்போது தண்ணீர் வருகிறது. அந்தக் குழாயில் தண்ணீர் கொட்டும் படத்தையும் எங்கள் நிறுவனம் தன் ஆண்டு மலரில் போட்டுக்கொண்டது.

சாவு வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்திருந்தது. 'மக்கள் பங்கேற்பின் முன்னோடி' என்று ரிப்பனில் அச்சிட்டிருந்தார்கள். வாசித்துச் சொன்னேன். மாரியாயி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத அவங்க இருக்கும்போதே எழுதியிருக்கலாமே சார்."

புஷ்பராணியை அறிந்தவர்கள் ஆளுக்கொரு நல்ல நினைவை வைத்திருப்பீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு பயம். எதை எழுதினாலும், அதில் வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயம். அது எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.